முப்பத்தொன்று: சினையில்லை

பெற்றவர்கள் ஆசை ஆசையாகத் தேடி வைத்த பெயர், கால்நடை மருத்துவக் கல்லூரியின் சேர்க்கைப் படிவத்தோடு சரி. மாட்டுக்குச் சினை பார்க்கும் முதல் வகுப்புக்கு மறுநாளே அவள் ‘முக்காலி’ ஆகிவிட்டாள். சினை பார்ப்பது என்றால் ஏதோ கருவியை வைத்துப் பார்ப்பது என்று நினைத்துவிடாதீர்கள். தோள் வரைக்கும் பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டு, பசுவின் பின்பக்கமாகக் குடலுக்குள் கையை விட்டு, குடல் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் கருப்பையைத் தடவித் தெரிந்துகொள்ள வேண்டும். கண்ணுக்கு அங்கே வேலையே கிடையாது. அவளோ குள்ளம். நுனிக்காலில் எம்பி எம்பிப் பார்த்தும் முழங்கைக்கு மேல் உள்ளே போகவில்லை. வகுப்பே சிரித்தது.

சிரிக்காத ஆள் ஒருவர்தான். இருபது வருடமாக அந்த மாடுகளுக்குத் தீனி போட்டுச் சாணி அள்ளும் கொட்டகைக்காரர். உடைந்த தீவனப் பெட்டியின் பலகையை அறுத்து, மறுநாளே ஒரு முக்காலி செய்து கொண்டுவந்து போட்டார். “ஏறிக்க பாப்பா. சிரிக்கிறவன் சிரிக்கட்டும்” என்றார். பட்டப்பெயர் வந்தது அப்படித்தான். அதற்காக அவள் வருத்தப்படவில்லை. பெயர் போனாலும் கை எட்டியதே.

அந்த முதல் வகுப்பில் அவளுக்கு முன்னால் நின்றது முப்பத்தொன்றாம் எண் பசு. காதில் மஞ்சள் வில்லை, ஒரு கொம்பு பாதி உடைந்தது. ஒன்பது வருடமாக வருகிற மாணவர்களெல்லாம் கற்றுக்கொண்டது அதன் வயிற்றில்தான். அதனால் அதற்கு ‘பெரிய டீச்சர்’ என்று பெயர். அந்தக் கல்லூரியில் சம்பளம் வாங்காமல், லீவு போடாமல், யாரையும் திட்டாமல் பாடம் நடத்திய ஒரே ஆசிரியை அதுதான். பின்னால் பிளாஸ்டிக் உறை சரசரக்கும் சத்தம் கேட்டால் போதும், வாலைத் தானே ஒதுக்கிக்கொள்ளும். குட்டைக் கை என்று தெரிந்தால் இடுப்பை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கொடுக்கும். இதை யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. நூற்றுக்கணக்கான கைகள் போய் வந்த பிறகு, எப்படி நின்றால் வலி குறைவு என்று அதுவே கண்டுபிடித்துக்கொண்டது.

கல்லூரிக் கூடத்துச் சுவரில் ஆளுயரத்துக்கு நீல எழுத்தில் ஐந்து வரிகள் இருந்தன. ‘நமது நோக்கங்களும் விழுமியங்களும்’ என்று தலைப்பு. கருணை, அறிவு, நேர்மை, சேவை என்று நான்கு வரி எந்தச் சுவரிலும் இருப்பதுதான். ஐந்தாவதுதான் இந்தச் சுவருக்கே உரியது: ‘தான் சொல்லும் சொல்லுக்குத் தானே பொறுப்பேற்கும் மருத்துவர்களை உருவாக்குதல்.’ ஐந்தையும் எழுதியவர் சினைப் பாடம் எடுத்த பேராசிரியர். மற்ற நான்கையும் கேட்டவர்களுக்காக எழுதினார். ஐந்தாவதைத் தனக்காக எழுதினார்.

எழுதியதோடு நிற்கவில்லை, மனிதர். இறுதித் தேர்வில் ஒரு நடைமுறையைக் கொண்டுவந்தார். ஆளுக்கு ஒரு பசு, குலுக்கல் முறையில். மாணவர் கையை விட்டுப் பார்த்து ‘சினை’ அல்லது ‘சினையில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாள் திருத்தப்பட்டுக் குப்பைக்குப் போகாது. அப்படியே பண்ணைப் பதிவேட்டில் ஒட்டப்படும். வருடாந்திரச் சினைப் பரிசோதனை என்பதே அதுதான். சினையில்லாத கிழட்டு மாடு என்று தாள் சொன்னால், வியாழக்கிழமை இறைச்சிக்கூடத்து லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகும். “சிவப்பு மையில சுழிக்கிறதால ஒருத்தனும் கத்துக்க மாட்டான். தப்புக்கு ஒரு உடம்பு இருக்கணும்” என்பார். கேட்கும்போது பெரிய தத்துவம் மாதிரிதான் இருந்தது. இன்னொருவர் உடம்பு என்பதைக் கவனிக்க யாருக்கும் தோன்றவில்லை.

அவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் ‘உறுதி’. தேர்வில் சிலரிடம் மட்டும், விடை சொன்னதும் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “உறுதியா?” என்று கேட்பார். மூத்த மாணவர்கள் அதைப் பல வருடங்களாக அலசி ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். தப்பாகச் சொன்னவர்களிடம்தான் அவர் கேட்கிறார். கேட்டதும் மாற்றிச் சொன்னவர்கள் தேறினார்கள். வீம்பு பிடித்தவர்கள் தோற்றார்கள். ஒரு தடவைகூட இது பொய்த்ததில்லை. ஆகவே விடுதியில் சீனியர்கள் ஜூனியர்களுக்கு ஒப்படைத்துவிட்டுப் போன சொத்து ஒரே வாக்கியம்: “உறுதி கேட்டா மாத்திடு.”

முக்காலி ஏற்கெனவே ஒருமுறை அந்தத் தேர்வில் கோட்டை விட்டிருந்தாள். இரண்டாவது முறையும் தவறினால் பெயரை அடித்துவிடுவார்கள். ஐந்து வருடப் படிப்பு அம்போ என்று போய்விடும். வீட்டில் அம்மா தையல்காரி. அப்பா காலமான பிறகு அந்த மோட்டார் தையல் மிஷின்தான் வீட்டுக்கு அப்பா. மகளுக்காக வெள்ளைக் கோட்டு ஒன்று தைத்து, நெஞ்சுப் பையில் ‘டாக்டர்’ என்று நீல நூலால் பூவேலை போட்டு, தேர்வுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையே இஸ்திரி போட்டு மாட்டிவைத்திருந்தாள். “ரிசல்ட் வரட்டும்மா, அதுக்குள்ள என்ன அவசரம்?” என்று இவள் எரிந்து விழுந்தாள். “தைக்கிறவளுக்கு அளவு முன்னாடியே தெரியும்டி” என்று அம்மா சிரித்தாள்.

திங்கட்கிழமை தேர்வு. குலுக்கலில் முப்பத்தொன்று வந்தது.

பெரிய டீச்சர் என்று பார்த்ததும் அவளுக்குப் பாதி பயம் போய்விட்டது. முக்காலியில் ஏறி நின்றாள். பசு இடுப்பைச் சாய்த்துக் கொடுத்தது. கை உள்ளே போனது. கருப்பை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, முன்பக்கமாகக் கீழே இறங்கியிருந்தது. கன்று இருந்தால் அந்தப் பள்ளத்தில்தான் இருக்கும். அவள் கை அத்தனை தூரம் எட்டாது. ஆனால் பக்கச் சுவரில் கருப்பைக்குப் போகும் ரத்தக்குழாய் எட்டியது. விரல் தடிமன் இருந்தது. மெல்லப் பிடித்தாள். சாதாரண நாடி விட்டு விட்டுத் துடிக்கும். இது துடிக்கவில்லை, விடாமல் அதிர்ந்தது. சின்ன வயதில் அம்மா தைக்கும்போது மிஷின் பலகையில் கையை வைத்துக்கொண்டு தூங்குவாளே, அதே அதிர்வு. சினையாய் இருக்கும் பசுவைத் தவிர வேறெதிலும் அந்த அதிர்வு வராது.

“சொல்லு” என்றார் பேராசிரியர்.

“சினை சார். அஞ்சு மாசம் இருக்கும்.”

“எதை வச்சுச் சொல்ற?”

“ரத்தக்குழாய் தடிச்சிருக்கு சார். அதிருது.”

“கன்னுக்குட்டி?”

“அது கீழ இறங்கியிருக்கு சார். கைக்கு எட்டல.”

“எட்டல.” அவர் அந்த வார்த்தையை ஒருமுறை வாயில் போட்டு மென்றார். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “உறுதியா?”

பசுவின் தலைப்பக்கம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற கொட்டகைக்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் விரல்கள் இன்னும் அந்தக் குழாயின் மேல்தான் இருந்தன. அதிர்வு நிற்கவில்லை. ஆனால் காதில் விழுந்தது வேறு: உறுதி கேட்டா மாத்திடு.

“இல்ல சார். சினையில்ல.”

“எது உன் விடை?”

“சினையில்லை சார்.”

“எழுதிக் கையெழுத்துப் போடு.”

போட்டாள். கையைக் கழுவும்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் கோபமும் இல்லை, திருப்தியும் இல்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை நூலக வாசலில் கொட்டகைக்காரர் அவளை மடக்கினார். சாணி நாற்றத்தோடு அந்தப் பக்கம் வரக் கூச்சப்படுகிறவர், அன்று வந்தே விட்டார்.

“பாப்பா, அதுக்குச் சினை ஊசி போட்டு அஞ்சு மாசமாச்சு. அதுக்கப்புறம் பருவம் வந்து ஒரு தடவகூடக் கத்தல. ரெண்டு வருஷமா சினை நிக்காம இருந்து இப்பதான் நின்னுருக்கு. உன் கைக்குத் தெரிஞ்சுதே, நான் உன் மூஞ்சியப் பார்த்தேனே.”

“எட்டலண்ணா” என்றாள் அவள்.

“எட்டாமயா சினைன்னு சொன்ன? சார்கிட்ட போய்ச் சொல்லிடு. பதட்டத்துல மாத்திட்டேன்னு சொல்லு.”

“நீங்களே சொல்லுங்களேன்.”

“சொன்னேனே. ‘உன் கையெழுத்து எங்கய்யா இருக்கு இதுல?’ன்னு கேட்டார்.”

அவள் தரையைப் பார்த்தாள். போய்ச் சொன்னால் பசு பிழைக்கும். தேர்வில் தப்பாக எழுதினேன் என்று தானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகும். இரண்டாம் தடவை, பெயர் அடிபடும், அந்தக் கோட்டு ஆணியிலேயே தொங்கும். “பார்க்கறேண்ணா” என்றாள். பார்க்கிறேன் என்றால் மாட்டேன் என்று அர்த்தம் என்பது இருபது வருடம் அதிகாரிகளிடம் வேலை பார்த்தவருக்குத் தெரியாதா? திரும்பிப் போனார்.

செவ்வாயும் போயிற்று, புதனும் போயிற்று. பேராசிரியரின் அறை மாடிப்படிக்கு எதிரே இருந்தது. கதவு எப்போதும் சாத்தியே இருக்கும் அறை, திங்கள் தொடங்கி மூன்று நாளும் விரியத் திறந்திருந்தது. அவள் அந்தப் பக்கம் ஏழெட்டுத் தடவை போனாள். ஒவ்வொரு தடவையும் வேகமாகத் தாண்டிப் போனாள். அம்மா சாப்பிடச் சொன்னால் பசியில்லை என்றாள். கோழை என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். திட்டுவது சுலபம், அதற்குத் தேர்வு எதுவும் கிடையாது.

புதன் மாலை அறிவிப்புப் பலகையில் இறைச்சிக்கூடப் பயிற்சிப் பட்டியல் மாறியிருந்தது. அடுத்த வாரம் போக வேண்டிய அவள் பெயர் வியாழன் காலைக்கு நகர்ந்திருந்தது. ஓரத்தில் பேராசிரியரின் சுருக்கொப்பம்.

இறைச்சிக்கூடத்தில் இருந்த மருத்துவரை எல்லோரும் ‘முத்திரை’ என்று கூப்பிடுவார்கள். உயிரோடு வரும் மாட்டை முதலில் பரிசோதித்து, அறுக்கத் தகுதி என்று நெற்றியில் மை முத்திரை குத்துவது அவர் வேலை. நோய் இருந்தாலோ, நாலு மாதத்துக்கு மேல் சினையாய் இருந்தாலோ திருப்பி அனுப்பிவிட வேண்டும். பயிற்சிக்கு வரும் மாணவரிடம் அன்றைய பரிசோதனையையும் முத்திரையையும் கொடுத்துவிட்டு, ஓரமாக நாற்காலி போட்டுத் தேநீர் குடிப்பார். “இன்னிக்கு நீதாம்மா டாக்டர். நீ சொல்றதுதான்” என்றார்.

பட்டியில் பதினோரு மாடுகள். பத்தாவதாக நின்றது பாதிக் கொம்பு.

அவளுக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. எரிச்சல். இந்த மாடு என்னை விடாது போலிருக்கிறதே என்று நினைத்தாள். நினைத்ததற்கு அப்புறம்தான் வெட்கம் வந்தது. பையிலிருந்து உறையை எடுத்து உதறினாள். அந்தச் சரசரப்புக் கேட்டதும், புது இடம், ரத்த வாடை, பக்கத்து மாடுகளின் கத்தல் எல்லாவற்றுக்கும் நடுவில் பெரிய டீச்சர் திரும்பி நின்றது. வாலை ஒதுக்கியது. இடுப்பைச் சாய்த்துக் கொடுத்தது.

முக்காலி இல்லை. சாக்கடை மேட்டில் ஏறி நின்று கையை விட்டாள். பார்க்காமலே எழுதியிருக்கலாம், யார் கேட்கப் போகிறார்கள்? ஆனாலும் விட்டாள். குழாய் இருந்தது. மிஷின் பலகை ஓடிக்கொண்டிருந்தது. அத்தனை உயிரான ஒன்றை அவள் விரல்கள் அதற்கு முன் தொட்டதில்லை.

கையை எடுத்துக்கொண்டு யோசித்தாள். சினை என்று இங்கே எழுதினால் திங்கட்கிழமைத் தாள் பொய்யாகிவிடும். இரண்டு தாளிலும் ஒரே கையெழுத்து. ஒரே பொய்யை இரண்டு முறை சொன்னால், பேச்சு மாறவில்லை என்ற பெயராவது மிஞ்சும். இப்படியெல்லாம் கணக்குப் போட்ட அந்தப் பெண்ணை நான் மன்னிக்கப் போவதில்லை. நீங்கள் மன்னிப்பதாக இருந்தால் அது உங்கள் பாடு.

முத்திரை மருத்துவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். “என்னம்மா, இந்தக் கிழவி எப்படி? வயிறு இறங்கினாப்ல இருக்கே.”

“வயசான மாடு சார். அப்படித்தான் இருக்கும். சினையில்ல.”

அவர் பேனாவைத் திறந்தார், எழுதவில்லை. “உறுதியா?”

“உறுதி சார்.”

ஐந்து வருடத்தில் அவள் இத்தனை திடமாகப் பதில் சொன்னதே இல்லை. அவர் எழுதியதில் கையெழுத்துப் போட்டுவிட்டு, முத்திரையை மையில் தோய்த்துப் பசுவின் நெற்றியில் அவளே குத்தினாள். அது தலையைக் குனிந்து கொடுத்தது. அதற்கு எல்லாமே பாடம்தான்.

ஒரு மணி நேரம் கழித்து உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். தட்டில் கன்று கிடந்தது. பனிக்குட நீரில் நனைந்து பளபளத்தது. கண் இமைகள் ஒட்டியிருந்தன. குளம்புகள் மெழுகு போல மஞ்சளாக இருந்தன. புருவத்திலும் உதட்டிலும் மட்டும் முடி அரும்பியிருந்தது. அறுப்பவர் கத்தியைத் துடைத்தபடி, “டாக்டர் பார்க்கலியா?” என்று கேட்டார்.

“அளந்து எழுதும்மா” என்றார் முத்திரை மருத்துவர். போட்டிருந்த பழைய பயிற்சிக் கோட்டின் பையில் அம்மாவின் மஞ்சள் அளவு நாடா இருந்தது. உச்சந்தலையிலிருந்து வால் அடி வரை வைத்து அளந்தாள். முப்பத்தெட்டு சென்டிமீட்டர். சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையில் நீளத்துக்கு எதிரே வயது போட்டிருந்தது. ஐந்து மாதம். திங்கட்கிழமை அவள் முதலில் சொன்னது அப்படியே சரி.

எண்ணிப் பாருங்கள். கொட்டகைக்காரருக்குத் தெரியும். பேராசிரியருக்குத் தெரியும், தேர்வுக்கு முன்பே அவர் எல்லா மாட்டையும் கையை விட்டுப் பார்த்து வைத்திருந்தார். முத்திரை மருத்துவருக்கு முதல் நாளே பேராசிரியர் தொலைபேசியில் சொல்லித் தெரியும், ‘அந்தப் பொண்ணு சொல்றபடி செய்ங்க’ என்றும் தெரியும். அவளுக்குத் தெரியும். பசுவுக்கும் தெரிந்துதான் இருக்கும். தெரியாதது அந்தக் காகிதம் ஒன்றுக்குத்தான். எல்லோரும் சேர்ந்து அந்தக் காகிதத்தின் பேச்சைக் கேட்டார்கள்.

வெள்ளிக்கிழமை பேராசிரியர் கூப்பிட்டனுப்பினார். மேசையில் அவளுடைய மூன்று தாள்கள் வரிசையாக இருந்தன: தேர்வுத் தாள், இறைச்சிக்கூடத்துப் பரிசோதனைத் தாள், கன்றின் அளவுத் தாள்.

“மூணு நாள் கதவத் திறந்து வச்சிருந்தேன்” என்றார்.

அவள் அழுதாள். “தப்பா சொன்னவங்ககிட்டதான் சார் கேப்பீங்கன்னு சொன்னாங்க.”

“ஆமா, அப்படித்தான் கேட்டேன் இத்தனை வருஷமா. நீங்க எல்லாரும் அத ஒரு சைகையாக்கி வச்சிருக்கீங்கன்னு எனக்குப் போன வருஷம்தான் தெரிஞ்சுது. சரியா சொன்ன ஒருத்தர்கிட்ட கேட்டா என்ன ஆகும்னு பார்க்க நெனச்சேன்.”

“மாட்ட நீங்க நிறுத்தியிருக்கலாமே சார்.”

“நிறுத்தியிருக்கலாம். அப்புறம் உன் கையெழுத்துக்கு என்ன மரியாதை?”

இப்படியும் ஒரு மனிதர். ஒன்பது வருடம் தன் வகுப்பைச் சுமந்த பசுவை, தன் சுவரில் ஒரு வரி உண்மையாக வேண்டும் என்பதற்காக அனுப்பிவிட்டு, மதியம் கையைக் கழுவிச் சாப்பிட்டிருப்பார்.

“நான் ஃபெயிலா சார்?” என்று கேட்டாள் அவள். கேட்கக் கூடாது என்றுதான் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் கேட்டாள்.

அவர் மதிப்பெண் பட்டியலை அவள் பக்கம் திருப்பினார். பாஸ்.

“முப்பத்தொன்னு சினையில்லைன்னு எழுதியிருக்க. இப்ப அது சினையில்லதானே. விடை சரி. போ.”

மாடிப்படி இறங்கும்போது அவள் நெஞ்சுக்குள் ஏதோ லேசானது. சந்தோஷம்தான் அது. வேறு பெயர் சொல்லி ஏமாற்ற முடியாது. தேறிவிட்டோம் என்று உடம்பு முழுக்கச் சந்தோஷம். அதைப் பார்த்து அவளுக்கே பயமாக இருந்தது.

வீட்டில் அம்மா கோட்டை எடுத்து மாட்டிவிட்டு, தோளைத் தடவி, “பார்த்தியா, அளவு சொன்னேனா இல்லையா?” என்றாள். மகள் அழுவதைப் பார்த்து, ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டு அவளும் அழுதாள்.

திங்கட்கிழமை கொட்டகையில் மறு பரிசோதனைக்கு ஒரு மாடு இருக்கிறது, போய்ப் பார்க்கவும் என்று பேராசிரியரிடமிருந்து சீட்டு வந்தது. புதுக் கோட்டோடு போனாள். முப்பத்தொன்று நின்ற இடம் கழுவிவிட்டுக் காலியாக இருந்தது. கொட்டகைக்காரர் அவளைப் பார்த்ததும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

“வாங்க டாக்டரம்மா.”

“அண்ணா, என்னண்ணா இது? நான் பாப்பாதானே.”

“அதெப்படிங்க? நீங்க சொன்னா சொன்னதுங்களாச்சே.” குரலில் கேலியில்லை. கேலி இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். முக்காலியைத் துண்டால் துடைத்துப் பணிவாகப் போட்டார். “ஏறுங்க. இருபத்தேழாம் நம்பருங்க.”

ஏறினாள். உறையை உதறினாள். சத்தம் கேட்டு இருபத்தேழு மிரண்டு நகர்ந்தது. கையை விட்டாள். குழாய் எட்டியது. அதிர்ந்தது. விரலை எடுத்துப் பக்கத்து இடுப்பெலும்பின் மேல் வைத்துப் பார்த்தாள். அங்கேயும் அதிர்ந்தது. வெளியே எடுத்துத் தன் தொடையில் வைத்துப் பார்த்தாள். நிற்கவில்லை. மாட்டுக்குள்ளேயா, தன் விரலுக்குள்ளேயா, சொல்லத் தெரியவில்லை. திரும்ப விட்டாள், திரும்பவும் அதே.

“சினை” என்றாள்.

யாராவது ஒருவர் உறுதியா என்று கேட்டால் தேவலை என்றிருந்தது. கேட்டால், தெரியவில்லை என்று சொல்லிவிடலாம். கொட்டகைக்காரரைப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை. தாளையும் பேனாவையும் இரண்டு கையாலும் நீட்டினார்.

“கையெழுத்துப் போட்டுடுங்க, டாக்டரம்மா.”